ஊசியிலைத் தேநீரும் நம்ம ஊர்ப் புளியங்கொழுந்தும்

ஓசூரில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: குளிர் நாடுகளில் பைன், ஸ்ப்ரூஸ் மாதிரியான மரங்களின் ஊசியிலையில் தேநீர் போட்டுக் குடிக்கிறார்களாம். என் வீட்டு வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் இருக்கிறது, அதன் இலையில் போடலாமா? கூடாது என்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தானாக முளைக்கும் செடிகளில் எதையெல்லாம் அப்படிப் போட்டு ருசி பார்க்கலாம்?

முதல் கேள்விக்கு உடனே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நம்ம பக்கம் கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரியில் விற்பது பெரும்பாலும் அரக்கேரியா. கிளைகள் தட்டுத் தட்டாக அடுக்கி நிற்குமே, அதுதான். நார்ஃபோக் தீவுப் பைன் என்று பெயரில் பைன் இருந்தாலும் அது பைன் குடும்பத்து மரம் கிடையாது. காம்பவுண்டு ஓரம் வேலி மாதிரி வெட்டி வளர்க்கிற, தட்டையாக விசிறிபோல் இலை விரிக்கும் துஜாவும் வேண்டாம். அதில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது, நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும், அளவு மீறினால் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். சவுக்கைப் பலர் ஊசியிலை மரம் என்றே நினைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவன் என்பதால் இதை மட்டும் விட மனம் வரவில்லை. சவுக்கு பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைப்பது கணுக்கணுவாக இருக்கும் பச்சைக் குச்சி. ஒரு கணுவில் பிடித்து இழுத்துப் பாருங்கள், அப்படியே கழன்று வரும். உண்மையான இலை அந்தக் கணுவைச் சுற்றிப் பல் பல்லாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். வருடம் முழுக்கப் பச்சையாக, குறுகலான இலையோடு நிற்கும் இன்னொன்று அரளி. அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் விஷம் என்பது நம்ம ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சரி, அந்த ஊசியிலைத் தேநீர் எப்படித்தான் இருக்கும்? என் தம்பி மகள் பின்லாந்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடம் முன்பு பொங்கலுக்கு வந்தபோது காயவைத்த ஸ்ப்ரூஸ் கொழுந்து ஒரு சிறு பொட்டலம் கொண்டுவந்தாள். அங்கே வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் நாட்களில் ஸ்ப்ரூஸ் கிளையின் நுனியில் வெளிர்பச்சையாக, பஞ்சு மாதிரி மெத்தென்று கொழுந்து விடும். அதைத்தான் கிள்ளுவார்கள். முற்றிய ஊசியைவிடக் கொழுந்து புளிப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். காட்டில் காளானும் பெர்ரியும் யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாமாம், ஆனால் இந்தக் கொழுந்தைக் கிள்ள மட்டும் நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். கொழுந்தைக் கிள்ளினால் மரத்தின் வளர்ச்சி பாதிக்கப்படும் என்பதால் அந்த ஏற்பாடு. எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது.

அந்தத் தேநீரை முதல் வாய் குடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகள். பெங்களூரா மாங்காயைக் காம்போடு ஒடிக்கும்போது பீய்ச்சி அடிக்கும் பாலின் வாசம் தெரியும் அல்லவா? பச்சையாக, பிசினாக, மூக்கின் மேல்பக்கம் போய் ஏறுமே, அதே வாசம், ஆனால் பத்தில் ஒரு பங்கு. பின்னாலேயே எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு புளிப்பு. கடைசியில் நாக்கின் ஓரம் லேசாகத் துவர்க்கும். இப்படி ஒத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. மாம்பாலுக்கும் பைன் பிசினுக்கும் மணம் கொடுப்பவை டெர்பீன் என்ற ஒரே கூட்டத்துப் பொருட்கள். தேவாலயத்தில் போடும் குந்திரிக்கப் புகையிலும் அவைதான் இருக்கின்றன. ஆகவே, பைன் வாசம் எப்படி இருக்குமோ என்று ஏங்க வேண்டியதில்லை. மாங்காய் ஊரில் பிறந்த மூக்குக்கு அது பழகிய வாசம்தான்.

இந்தத் தேநீருக்குப் பெரிய வரலாறும் உண்டு. 1535-36 குளிர்காலத்தில் ழாக் கார்ட்டியே என்ற பிரெஞ்சு மாலுமியின் கப்பல்கள் கனடாவில் இன்றைய கியூபெக் நகரத்துக்கு அருகே ஆற்றுப் பனியில் மாட்டிக்கொண்டன. சுமார் 110 பேரில் 25 பேர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் செத்தார்கள். ஈறு அழுகி, கால் வீங்கி, மற்றவர்களும் படுக்கையில் கிடந்தார்கள். அந்த மண்ணின் மக்கள் ஒரு பச்சை மரத்தைக் காட்டி, அதன் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு பெரிய மரத்தையே சில நாட்களில் உரித்துக் குடித்துத் தேறி எழுந்தார்கள். குணப்படுத்தியது இலையில் இருந்த வைட்டமின் சி. அந்த மரத்துக்கு அவர்கள் சொன்ன பெயர் அன்னெட்டா. அது இன்றைய எந்த மரம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டபோதும் பைன் ஊசியை ஊறவைத்த சாற்றை மக்களுக்குக் கொடுத்தார்கள். கொரியாவிலோ பஞ்சம், நோய் எதுவும் இல்லாமலே, ருசிக்காக இன்றும் பைன் ஊசித் தேநீர் குடிக்கிறார்கள்.

அன்னெட்டா கதையை நான் சொன்னதற்குக் காரணம், நம்மிடமும் அப்படி ஒரு பெயர்க் குழப்பம் இருப்பதுதான். நாட்டு மருந்துக் கடையில் தாளிசபத்திரி என்று கேட்டுப் பாருங்கள். தாளிசாதி சூரணத்தில் சேருவது. அது வேறொன்றும் இல்லை, இமயமலை ஃபிர் மரத்தின் ஊசியிலை. ஊசியிலை நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் காலங்காலமாக இருந்துவந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒருமுறை நூறு கிராம் வாங்கிவந்து தேநீர் போட உட்கார்ந்தேன். வெள்ளைத் தாளில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு வகை ஊசி. ஃபிர் ஊசியின் அடிப்பக்கம் இரண்டு வெண்கோடு ஓடும், நுனி மொட்டையாக, லேசாகப் பிளந்திருக்கும், நசுக்கினால் பிசின் வாசம் வரும். மற்றொன்றில் வெண்கோடும் இல்லை, வாசமும் இல்லை, நுனி கூர்மை. அது யூ மரத்தின் இலை. புற்றுநோய் மருந்து ஒன்று கிடைக்கும் அதே இனத்து மரம்தான், ஆனால் அந்த இலையில் இருக்கும் டாக்சைன் (taxine) என்ற நஞ்சு இதயத் துடிப்பை நிறுத்திவிடக்கூடியது. வடக்கே சில இடங்களில் அதையும் தாளிசபத்திரி என்றே சேகரிக்கிறார்கள். தெற்கே வேறொரு மரத்தின் அகன்ற இலையும் இதே பெயரில் விற்கிறது. காய்ந்து நொறுங்கிய பிறகு எது எது என்று யாரால் பிரிக்க முடியும்? நான் அதைக் குடிக்கவில்லை, குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். சித்த மருத்துவர் தன் கையால் பார்த்துக் கொடுக்கும் மருந்து வேறு. தேநீருக்கு என்று கடைத் தாளிசபத்திரியை வாங்காதீர்கள். பெயரை நம்பி எதையும் வாயில் வைக்காமல், செடி நிற்கும்போதே பார்த்து, பூவும் காயும் வரும் வரை காத்திருந்து, இதுதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகே ருசி பார்க்க வேண்டும்.

இனி நம்ம ஊர்ச் செடிகளுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். மூலிகைத் தேநீர் என்றாலே "இது எதுக்கு நல்லது? சர்க்கரைக்கா, சளிக்கா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மருந்து என்று நினைத்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று விழுங்கிவிடுகிறோம். நாக்குக்கு அதில் வேலையே இல்லாமல் போகிறது. ஒரு மாம்பழத்தை அப்படியா சாப்பிடுகிறோம்? ருசிக்காகக் குடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், சின்ன அளவு. ருசிக்காகக் குடிப்பவர் அளவு மீற மாட்டார்.

ஸ்ப்ரூஸ் கொழுந்துக்கு நேர் நிகராக நம்மிடம் இருப்பது புளியங்கொழுந்து. இதை யாரும் தேநீர் போட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை. பங்குனி, சித்திரையில் சாலையோரப் புளியமரங்கள் செம்பு கலந்த வெளிர்பச்சையில் துளிர்க்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கிள்ளி அப்படியே மெல்லுவார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் சிந்தசிகுரு என்று பருப்போடு கடைவார்கள். எங்கள் ஆயா துவையல் அரைப்பார். ஒரு கைப்பிடி கொழுந்தை அலசி, சொம்பில் போட்டு, கொதித்து அடங்கிய தண்ணீரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் விட்டால் போதும். இளம்பச்சையாக இறங்கும். முதலில் புளிப்பு வரும், ஆனால் புளிக்கரைசலின் இருட்டுப் புளிப்பு இல்லை. வெளிச்சமான, பச்சையான புளிப்பு. பின்னால் புல் வாசம், கடைசியில் துவர்ப்பு. பின்லாந்துப் பொட்டலத்தில் மிச்சமிருந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தபோது, பிசின் வாசம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அண்ணன் தம்பியாக இருந்தது. அந்த வாசமும் வேண்டும் என்றால் எலுமிச்சைப்புல் ஒரு இணுக்கு சேருங்கள், கிட்டத்தில் வரும். நெடுஞ்சாலை ஓரத்து மரத்தில் பறிக்க வேண்டாம், புகையும் தூசியும் படிந்திருக்கும். வயல் வரப்பில் நிற்கும் மரமே நல்லது.

அடுத்தது காட்டு நெல்லி. தகடூர் அதியமான் அவ்வைக்குக் கொடுத்த கனி, ஆகவே நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு அதன் மேல் தனி உரிமை உண்டு. வற்றலை இடித்து வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். குடிக்கும்போது புளிப்பும் துவர்ப்பும் வாயை இழுத்துப் பிடிக்கும். அதற்குமேல் வெறும் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் இனிக்கும், அந்த இனிப்புக்காகவே இதைப் போடலாம். இரும்புப் பாத்திரம் மட்டும் கூடாது, துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும்.

ஆவாரம்பூவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் பேச்சே இல்லை. போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு காப்புக் கட்ட ஒடிக்கும்போது வேலியெல்லாம் மஞ்சளாக நிற்கும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழி அதை முழுக்க மருந்தாக்கிவிட்டது. அதன் ருசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதழை மட்டும் நிழலில் காயவைத்துப் போட்டால் பொன்னிறத்தில் இறங்கும். புதிதாகக் காய்ந்த வைக்கோல் வாசம், மெல்லிய தேன் இனிப்பு, அடியில் துவர்ப்பு. காம்பும் காயும் சேர்ந்துவிட்டால் கைத்துவிடும். இதன் பட்டை தோல் பதனிடப் பயன்படுவது, அவ்வளவு துவர்ப்பு அதில். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே குடிக்க வேண்டும், மாத்திரையும் இதுவும் சேர்ந்து சர்க்கரையை மேலும் இறக்கிவிடலாம்.

மணத்துக்கு நன்னாரியை மிஞ்ச எதுவும் இல்லை. காய்ந்த வேரைத் தட்டி, வெந்நீர் ஊற்றி, மூடிவைத்துத் திறக்கும் அந்த நொடியில் வெனிலாவை ஒத்த ஒரு மண் வாசம் எழும். வெனிலாவின் மணப்பொருளுக்கு மிக நெருங்கிய உறவுள்ள ஒரு பொருள்தான் இதிலும் மாகாளிக்கிழங்கிலும் மணக்கிறது. ஆனால் வேரைத் தோண்டினால் செடி போய்விடும். பாறை இடுக்குகளில் வளரும் மாகாளிக்கிழங்கு, ஊறுகாய்க்கும் வியாபாரத்துக்கும் தோண்டித் தோண்டியே அருகிவிட்டது. அதைத் தேநீருக்கு என்று தொடவே வேண்டாம். நன்னாரி வேண்டுமென்றால் தொட்டியில் வளர்த்து, பக்க வேரில் கொஞ்சம் எடுங்கள்.

துளசி, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவள்ளி எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. கற்பூரவள்ளி ஓமத்தின் வாசம் அடித்து மற்றதையெல்லாம் அமுக்கிவிடும், தனியாகவே போடுங்கள். சங்குப்பூ நீலம் கண்ணுக்கு விருந்து, எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நாக்குக்கு அதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. முடக்கத்தானும் தூதுவளையும் ரசத்துக்கும் தோசைக்கும் பிறந்தவை, தேநீரில் பச்சை வாடைதான் நிற்கும்.

சிறுகுறிஞ்சான் ஒரு தனி அனுபவம். வேலியில் படரும் இந்தக் கொடியின் இலை ஒன்றை மென்று துப்பிவிட்டு வெல்லத்தை வாயில் போட்டால் மண்ணைத் தின்பதுபோல இருக்கும். இலையில் இருக்கும் ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகிறது. இனிப்பு போனபின் நெல்லியும் ஆவாரையும் எப்படி மாறுகின்றன என்று ருசி பார்ப்பது, நாக்கைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லித்தராத பாடம். இதைக் கடைசியாகத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு மற்ற எல்லாமே கெட்டுவிடும்.

வேண்டாதவற்றில் ஊமத்தையும் கண்வலிக்கிழங்கும் எல்லாருக்கும் தெரியும். நான் அதிகம் பயப்படுவது உண்ணிச்செடிக்குத்தான். நம்ம காடுகளை அடைத்து நிற்கும் செடி, வண்ண வண்ணமாகப் பூக்கும், இலையைக் கசக்கினால் எலுமிச்சை மாதிரியே ஒரு காட்டு வாசம் வரும். வாசத்தை நம்பி ஏமாறக்கூடாது. ஆடு மாடு தின்றாலே ஈரல் கெட்டுவிடும்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் நம்ம மாவட்டங்களில் பாதி ருசி அதில்தான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பும் சுண்ணமும் கலந்தது. அதில் புளியங்கொழுந்து போட்டால் புளிப்பு மழுங்கிவிடும், மேலே ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும். செம்பருத்தி இதழ் போட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீரில் சிவப்புச் சாயல், சுண்ண நீரில் மங்கிய நீலம். அப்புறம் ஃபுளோரைடு. பல்லில் காவி படிந்து, மூட்டு இறுகிப்போனவர்களை எங்கள் தலைமுறை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். சாதாரணத் தேயிலைச் செடியே மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் குணமுள்ளது. ஆகவே மூலிகையோ தேயிலையோ, ஒகேனக்கல் தண்ணீரிலோ மழைநீரிலோ போடுங்கள். கஷாயம் மாதிரி பாதியாக வற்றவைக்காதீர்கள்.

போடும் முறையில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கொழுந்தும் பூவும் கொதிக்கக்கூடாது, கொதி அடங்கிய நீரை ஊற்றி மூடிவிட வேண்டும், மணம் ஆவியோடு போய்விடாமல் இருக்கும். வைட்டமின் சி-யும் அதிகம் அழியாது. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஊற்றினால் நிறம் தெரியும். முதல் வாய்க்குச் சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் வேண்டாம். முதலில் முகர்ந்து பாருங்கள், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுங்கள், விழுங்கிய பிறகு அரை நிமிடம் பேசாமல் இருங்கள், துவர்ப்பும் இனிப்பும் அப்போதுதான் வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் பொரியும் தண்ணீரும். ஒரே நாளில் மூன்று வகைக்கு மேல் ருசி பார்க்க வேண்டாம், நாக்கு களைத்துவிடும். புதிய செடி என்றால் முதல் நாள் இரண்டு வாய் மட்டும், மறுநாள் வரை உடம்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கர்ப்பிணிகள் இந்தப் பரிசோதனை எதிலும் இறங்க வேண்டாம். அமெரிக்காவில் பாண்டரோசா பைன் ஊசியைத் தின்ற சினைப் பசுக்கள் கன்று வீசுவது நன்கு அறியப்பட்ட விஷயம். கொடைக்கானலில் நிற்கும் பைன், மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து நட்ட வேறு இனம். சுற்றுலா போகும்போது அதன் ஊசியைப் பறித்து வந்து ஊறவைக்கலாமா என்று கேட்பவர்களிடமும் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். உணவாக நெடுநாள் புழங்கிய இனத்தைத்தான் குடிக்க வேண்டும்.

பறிக்கும் இடம்: தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் இருப்பவை காப்புக்காடுகளும் காவிரி சரணாலயங்களும். உள்ளே போய்ப் பறிப்பது சட்டப்படி குற்றம், யானை நடமாட்டமும் உண்டு. சித்தேரி, வத்தல்மலை மக்கள் சந்தைக்குக் கொண்டுவரும் நெல்லி, கடுக்காய், தேனை நல்ல விலை கொடுத்து வாங்குங்கள். மற்றபடி சொந்த வரப்பு, தெரிந்தவர் தோட்டம், பூச்சிமருந்து அடிக்காத வேலி, இவை போதும். ஓசூரில் ரோஜாத் தோட்ட ஓரங்களைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே மருந்து அடிக்காத வாரம் குறைவு.

நீங்கள் இந்த மாதமே தொடங்குவதென்றால் மாடியில் ஒரு தொட்டியில் எலுமிச்சைப்புல்லும் இன்னொன்றில் நன்னாரியும் வையுங்கள். நெல்லி வற்றல் சந்தையில் எப்போதும் கிடைக்கும், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பங்குனி பிறந்ததும் புளியமரங்களை அண்ணாந்து பாருங்கள். கொழுந்து செம்பு நிறத்தில் இருக்கும் அந்தப் பத்து, பதினைந்து நாள்தான் கணக்கு, முற்றிவிட்டால் நார்தான் மிஞ்சும்.